மஞ்சள் கோடிட்ட சுவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வரும். அவருக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சைட்டில் எல்லோரும் கூப்பிட்டதுபோல மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஆர்க்கிடெக்ட். ஊரில் ஜமீன் மாளிகை, கோயில் மண்டபம் என்று விழப்போன கட்டடங்களை நிமிர்த்தி வைத்தவர். கணவருக்குத் தூரத்தில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் வேலை. மகளின் படிப்புக்காகக் குடும்பம் ஷார்ஜாவில் இருந்தது, கணவர் வாரக் கடைசியில் மட்டும் வந்து போவார். நான் திருநெல்வேலிப் பக்கம், சர்வே வேலை. முக்காலியைப் போட்டுக் கருவியை நிறுத்தி, சுவர்களை அளந்து கொடுப்பேன். ஓமன் எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில், பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு பழைய கோட்டை இருந்தது. கல்லும் மண்ணும் கலந்து கட்டியது. அதை ஆராய்ந்து, பழுதுபார்த்து, சுற்றுலாவுக்குத் திறந்துவிட எங்கள் கம்பெனி வேலை எடுத்திருந்தது. கோடையில் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, குளிர்காலத்தில்தான் வேலை.

மேடம் சுவரை எட்ட நின்று பார்க்கமாட்டார். கன்னத்தைச் சுவரோடு வைத்து அதன் நெடுகப் பார்ப்பார். பட்டப்பகலில் டார்ச்சை அடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் ஓடும்படி பிடிப்பார். அப்படிப் பிடித்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். இரண்டு சுவர் சேருகிற மூலை கிடைத்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஒரு சுவரின் பூச்சு இன்னொரு சுவருக்குப் பின்னால் நுழைந்து போனால் பூச்சுள்ள சுவர்தான் மூத்தது, மற்றது பிறகு வந்து சாய்ந்துகொண்டது என்பார். கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூலையில் போய்த் தலையைக் கொடுக்க வேண்டுமே, அதற்கு எல்லோருக்கும் பொறுமை கிடையாது.

அதே பொறுமை அவருக்கு வேறொரு காரியத்திலும் இருந்தது. யார் அவரைப் புண்படுத்தினாலும் மறக்கமாட்டார்.

ஷார்ஜாவில் எதிர் ஃபிளாட்டு அம்மாள் ஒருமுறை லிஃப்டில், நாலு பேர் காதில் விழும்படி, உங்கள் வீட்டுத் தாளிப்பு வாசனை எங்கள் ஹால்வரைக்கும் வருகிறது என்று மூக்கைச் சுளித்திருக்கிறார். மேடம் மன்னிப்புக் கேட்டார். அன்றோடு சமையலறை ஜன்னலைத் திறப்பதை நிறுத்திவிட்டு, வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற நாளாகப் பார்த்து மிளகாய் வறுத்தார். பட்டுப்புடவையும் நகையுமாக வந்தவர்கள் இருமிக்கொண்டே உள்ளே போவார்களாம். எதிர்வீட்டு அம்மாள் நேரில் வந்து கேட்டபோது, நீங்கள் சொன்னீர்களே என்றுதான் ஜன்னலை மூடிவிட்டேன் என்று மேடம் சொன்னாராம். இதை அவரே சைட்டுக்குப் போகிற வேனில் சொல்லிச் சிரித்தார்.

ஷார்ஜாவிலேயே ரோலா கடைத்தெருவில் ஒரு டெய்லர் அவருடைய பட்டு ரவிக்கையைக் கெடுத்துவிட்டு, தைத்ததில் தப்பில்லை, உங்கள் உடம்புதான் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் கடையை மாற்றியிருப்பார்கள். மேடம் மாற்றவில்லை. கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து அதே ரவிக்கையை எடுத்துக்கொண்டு போவார். உடம்பு மறுபடியும் மாறிப்போச்சுங்க, பிரிச்சுத் தைச்சுக் குடுங்க என்று எல்லோர் முன்னாலும் நீட்டுவார். மாதாமாதம் இது நடந்தது. கடைசியில் மேடம் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே டெய்லர் உள்ளே போய்விடுவானாம்.

அவருடைய பழிவாங்கல் எல்லாம் இந்த ரகம்தான். சண்டை போடமாட்டார், புறம் பேசமாட்டார். எதிராளி சொன்னதை அப்படியே செய்வார், அந்த ஆள் மூச்சுத் திணறும் அளவுக்குச் செய்வார். "நானா ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க தம்பி. அவங்க கேட்டதைக் குடுத்துருவேன்" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. கல்ஃபுக்கு வந்த நாளிலிருந்து எவன் என்ன சொன்னாலும் அச்சா பாய், அச்சா பாய் என்று தலையாட்டியே பழகியவன் நான். அப்படிப்பட்டவனுக்கு மேடத்தின் பக்கத்தில் நிற்பதே பலமாக இருந்தது.

இனி டைரக்டர். இந்தக் கோட்டை வேலைக்குத் தலைவர். சென்னைக்காரர், வெளிநாட்டில் படித்தவர், நல்ல உயரம், மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற குரல். ஆள் கெட்டவர் இல்லை என்று சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையில் முக்காலி இருந்ததால் நான் அவருக்கு ட்ரைபாட். 'ட்ரைபாட், இங்க வா', 'ட்ரைபாட், அந்தப் பக்கம் போ'. அவரை அவன் இவன் என்று எழுத எனக்கு ஆசைதான். மேடம் கடைசிவரைக்கும் அவரை மரியாதையாகவே பேசினார், அதனால் நானும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

கோட்டையின் மேற்கு மூலையில் ஒரு வட்டமான கொத்தளம் இருந்தது. அதை ஒட்டி நீளமாக ஓர் அறை. அறையின் சுவர் கொத்தளத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. கொத்தளம்தான் ஆதி என்பது டைரக்டரின் முடிவு, எழுநூறு வருஷத்துக்குக் குறையாத பழசு. அறை யாரோ பிற்காலத்தில் ஆடு கட்டச் சேர்த்தது. அறையை எடுத்துவிட்டால் கொத்தளம் முழு வட்டமாகத் தெரியும், வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவுக்கும் அவர் வைத்திருந்த ஆதாரம் ஒரு பிடி கரி. கொத்தளத்துக்குள் நிரப்பியிருந்த மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. லேப்பில் கொடுத்துப் பார்த்ததில் கரி அவ்வளவு பழசு என்று வந்துவிட்டது.

அரசுத் தரப்பிலிருந்து தொல்லியல் அதிகாரி வந்திருந்த அன்று, சைட் ஆபீஸாக வைத்திருந்த போர்ட்டா கேபினுக்குள் மீட்டிங். அதிகாரி அரபிக்காரர், வயதானவர், அதிகம் பேசமாட்டார். டைரக்டர் படம் போட்டு விளக்கி முடித்ததும் மேடம் கையைத் தூக்கினார். அந்த மண்ணை வேறு எங்கிருந்தாவது வெட்டி வந்து நிரப்பியிருந்தால் கரியும் அங்கிருந்து வந்திருக்குமே என்றார். எல்லோரும் விழிப்பதைப் பார்த்து, டப்பாவுக்குள் இருக்கிற அரிசி பழசு என்றால் டப்பாவும் பழசாகிவிடுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

டைரக்டரின் காது சிவந்தது. அவரும் சிரித்துக்கொண்டே அதிகாரியிடம் மேடத்தை அறிமுகப்படுத்தினார். இவர் கணவருடைய விசாவில் வந்தவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நமக்கு உதவி செய்ய வருகிறார். அரிசி, டப்பா எல்லாம் இவருடைய டிபார்ட்மெண்ட்.

கேபின் முழுக்கச் சிரிப்பு. மேடமும் சிரித்தார். பேரீச்சம்பழத் தட்டை டைரக்டர் பக்கம் நகர்த்தி, எடுத்துக்கச் சொல்லி உபசரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்ஃபில் குடும்பத்தோடு இருக்கிற பெண்கள் பாதிப் பேர் கணவர் விசாவில்தான் இருப்பார்கள். எந்த கம்பெனியில் எவ்வளவு பெரிய வேலை பார்த்தாலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற விசாவில் இல்லத்தரசிதான். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரையும் அப்படிச் சொல்லமாட்டார்கள். திரும்பும்போது வேனில் நான்தான் பொரிந்து தள்ளினேன். மேடம் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு, "அவரு சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லீங்களே தம்பி" என்றார். அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. இனி நடக்கப் போவதைப் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அதற்குப் பிறகு டைரக்டர் சொன்ன எதையும் மேடம் மறுக்கவில்லை. சொல்லுங்க செஞ்சுரலாமுங்க, சரிங்க, ஆயிருமுங்க. டைரக்டருக்குப் பரம திருப்தி. மேடம் இப்போதுதான் டீமுக்குப் பழகியிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னார்.

குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள் மழை பிடித்தது. மலைப்பக்கம் மழை வந்தால் ஒரேயடியாகத்தான் வரும். ஓடைகளில் தண்ணீர் வந்து ரோடு அடைபட்டது. துபாயிலிருந்து கிளம்பிய டைரக்டரால் வந்து சேர முடியவில்லை. நானும் மேடமும் சுற்று வழியில் வந்து பார்த்தபோது, அறைச் சுவரும் கொத்தளமும் சேருகிற மூலையில் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. பின்னால் கை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு.

மேடம் டார்ச்சை உள்ளே விட்டு, கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். அறைச் சுவரின் வெளிப்பூச்சு, யாரோ விரலால் வழித்த தடம்கூட அழியாமல், கொத்தளத்துக்குப் பின்னால் நேராக ஓடிக்கொண்டிருந்தது. கொத்தளத்துக்கு அந்தப் பக்கம் கட்டிப் பூசிய முகமே இல்லை. வெறும் கற்கள் அந்தப் பூச்சின் மேல் சாய்ந்து கிடந்தன.

"பாத்தீங்களா தம்பி? இந்த ரூம்தானுங்க கோட்டை. மத்ததெல்லாம் பொறவு வந்து ஒட்டுனது" என்றார்.  அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஆட்டுக்கொட்டகை என்று ஒதுக்கிய அந்த அறைதான் கோட்டையிலேயே பழைய கட்டடம். இந்த ஒன்று போதும், அவர் பெயர் நிலைத்துவிடும்.

நான் போட்டோ எடுக்க போனை வெளியே எடுத்தேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க."

"டைரக்டர்ட்ட சொல்லிருவோம் மேடம். இடிக்காம தப்பிச்சிரும்லா?"

"சொன்னா நாளைக்கே அவரு கண்டுபிடிச்சதா ஆயிருமுங்க. கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பொம்பளை இருந்தாங்கன்னு சொல்லுவாரு."

நேராக அதிகாரியிடமே போகலாமே என்றேன். எங்கே போனாலும் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும், கம்பெனி என்றால் டைரக்டர்தான் என்றார். அது சரிதான். ஆனாலும் துணிந்து போயிருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்கும். அவர் பேசாமல் இருந்தது வழி இல்லாததால் அல்ல. ஈர மண்ணை அள்ளி, வைக்கோல் துணுக்கு சேர்த்துப் பிசைந்து, அந்த இடுக்கைத் தன் கையாலேயே அடைத்தார். பழைய பூச்சோடு கலந்து போகும்படி தேய்த்துவிட்டார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காய்ந்த பிறகு பார்த்தால் எனக்கே இடம் தெரியவில்லை.

ஊரில் வீட்டு பிளானுக்கு அனுமதி வாங்கினவர்களுக்குத் தெரிந்திருக்கும், இடிக்கப் போகிற பகுதியை மஞ்சளில் காட்டுவது வழக்கம். மேடம் இங்கேயும் அந்த வழக்கத்தை விடவில்லை. டைரக்டர் கேட்டபடியே அந்த அறை முழுவதையும் மஞ்சள் கோடிட்டு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு சுத்தமான வரைபடத்தை நான் பார்த்ததில்லை. நான் கொடுத்த அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வரைந்திருந்தார்.

இடிப்பதற்கு முன் கடைசி மீட்டிங். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று டைரக்டர் கேட்டார். மேடத்தைத் தனியாகப் பார்த்தும் கேட்டார்.

மேடம் தமிழில் சொன்னார்: "நான் ஹஸ்பண்ட் விசாவுல வந்தவ, எனக்கென்னங்க தெரியும்?"

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். டைரக்டர் பதறினார். "சேச்சே, என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? நீங்க எவ்ளோ சீனியர். உங்களை யாராவது அப்படி நினைப்பாங்களா?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே அந்த ஆளுக்கு நினைவில்லை. சொன்னவருக்கு மறந்துவிட்டது. கேட்டவருக்கு ஒவ்வொரு எழுத்தும் உள்ளே கிடக்கிறது. டைரக்டர் முகம் ஒரு கணம் சுருங்கியிருந்தால், கொஞ்சம் கூசியிருந்தால் மேடம் வாயைத் திறந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார்.

இடிக்கிற ஏற்பாட்டை மேடமே முன்னின்று செய்தார். மேலேயிருந்து ஒவ்வொரு வரிசையாக எடுக்க வேண்டும், சாரத்தை விட்டு யாரும் கீழே இறங்கக் கூடாது, கொத்தளத்துக்கு எதிரே கயிறு கட்டிய இடத்தில் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போர்மேன் புதுக்கோட்டைக்காரர், வயதில் மூத்தவர். "ஆட்டுக்கொட்டாய எடுக்குறதுக்கு என்னாத்துக்கும்மா இம்புட்டு பந்தோபஸ்து?" என்று அலுத்துக்கொண்டார். மேடம், சொன்னதைச் செய்யுங்கண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் கயிற்றின் பக்கத்திலேயே நின்றார். வேலைக்காரர்கள் மேல் ஒரு கல் விழுந்துவிடக் கூடாது, டைரக்டர் மேல் மட்டும்தான் விழ வேண்டும்.

அறையின் பெரும்பகுதியை எடுத்தாகிவிட்டது. கொத்தளத்தை மறைத்து நின்ற கடைசிச் சுவரை விருந்தாளிகள் முன்னால் எடுக்கலாம் என்பது டைரக்டரின் ஆசை. கூடாரம் போட்டு, நாற்காலி வரிசை போட்டு, அரபிக் காபியான காவா ஊற்றிக் கொடுக்க ஆள் வைத்திருந்தார். அதிகாரி முன்வரிசையில் இருந்தார். டைரக்டர் மைக்கைப் பிடித்து, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இந்தக் கொத்தளத்தின் முழு வட்டத்தை முதன்முதலாக நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றார். மேல் வரிசைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாதிச் சுவர் குறைந்தபோது, அதன் மறுபக்கத்தில், கொத்தளத்தை ஒட்டி, பழைய பூச்சு தெரிந்தது. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். கையை உயர்த்தி, நிறுத்து என்று அரபியில் சொன்னது கேட்டது.

அதற்குள், சாய்ந்து நிற்கச் சுவர் இல்லாத கொத்தளத்திலிருந்து பொடிக்கற்கள் உதிர ஆரம்பித்துவிட்டன. பிறகு பெரிய கற்கள், பிறகு மண். கொத்தளத்தின் பாதி, மூட்டை கிழிந்த மாதிரி, கயிறு கட்டிய இடத்தில் கொட்டி முடிந்தது. மீதியிருந்த அறைச் சுவரும் அதில் நொறுங்கிப் போனது. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் முழு வட்டமும் இல்லை, பழைய சுவரும் இல்லை. ஒருவருக்கும் அடிபடவில்லை.

பின்னால் என்ன இருக்கிறது என்று முன்பே பார்த்தீர்களா என்று அதிகாரி டைரக்டரிடம் கேட்டார். கத்தவில்லை. மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் கூடாரம் முழுக்கக் கேட்டது. டைரக்டர் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு ஆனந்தமாக இருந்தது. நான் என்ன மகானா? கருவிப் பெட்டிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேடத்தைத் தேடினேன், இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்படலாம் என்று. மேடம் டைரக்டரைப் பார்க்கவே இல்லை. மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பூச்சுத் துண்டுகளை வேலைக்காரர்கள் தள்ளுவண்டியில் அள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் வரைபடம் விழுந்து கிடந்தது. நான்தான் எடுத்துச் சுருட்டி வைத்தேன்.

வேலை நின்றது. டைரக்டரை கம்பெனி போகச் சொல்லிவிட்டது. அவர் முன்னால் கைகட்டி நின்ற அத்தனை பேரும், எங்களுக்கு அப்போதே சந்தேகம்தான் என்று பேச ஆரம்பித்தார்கள். மேடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அரசு அறிக்கையில், அறைதான் மூத்தது என்பது இடிக்கும்போது தெரியவந்தது என்று போட்டிருந்தார்கள். யார் பெயரும் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மேடத்தின் வீட்டில் எனக்குச் சாப்பாடு. கணவரும் ருவைஸிலிருந்து வந்திருந்தார். இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. டைரக்டர். கையில் ஸ்வீட் பெட்டி. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தார். விசா முடிகிறது, சென்னைக்குப் போகிறேன், சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றார். என்னைப் பார்த்ததும் பெயர் சொல்லி, நல்லா இருக்கியாப்பா என்றார். என் பெயரை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. எனக்கு என்னவோ போல் இருந்தது.

மேடம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். டைரக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். எல்லோரும் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், நீங்கள் ஒருவர்தான் ஒன்றும் சொல்லவில்லை என்றார். "அன்னைக்கு மீட்டிங்ல நீங்க கேட்டீங்களே மேடம், அரிசி டப்பான்னு. அது தினமும் ஞாபகம் வருது. நீங்க சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும்."

மேடம் எதிர்பார்த்தது இது இல்லை. வந்து திட்டுவார், அல்லது கெஞ்சுவார் என்று நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மழை பேஞ்ச அன்னைக்கே நான் அந்த மூலையைப் பாத்துட்டேனுங்க. பூச்சு பின்னால போனதைப் பாத்தேன். நாந்தான் மண்ணு வெச்சு மூடுனேன்."

கணவர் டிவியை அணைத்தார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டும்போது பழைய சந்தோஷம் வரவில்லை.

"தெரிஞ்சேவா?" என்றார் டைரக்டர். "ஏன் மேடம்?"

"அன்னைக்கு அதே மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னால நீங்க என்னைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. என்னன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்து, கண்ணை மூடித் திறந்து யோசித்தார். அரிசி டப்பா நினைவிருக்கிற மனிதருக்கு அடுத்த வாக்கியம் நினைவில்லை. இல்லை என்று தலையசைத்தார். மேடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவர் கொடுத்த தண்டனைகளிலேயே பெரியது என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆள் ஆயுசு முழுக்க யோசிக்கட்டும்.

டைரக்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை.

"அப்போ அதை முதல்ல பாத்தது நீங்க" என்றார் மெதுவாக. "இடிக்கும்போது தெரிஞ்சதுன்னு எழுதியிருக்காங்க, அது தப்பு. நான் போறதுக்கு முன்னாடி அதிகாரியைப் பாத்துச் சொல்றேன் மேடம். கண்டுபிடிச்சது நீங்கதான், கேக்காதது நான்தான்னு சொல்லிடறேன். மூடினதைச் சொல்ல மாட்டேன். உங்க பேரு வரணும்."

மேடத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எதிர்வீட்டுக் கதையைச் சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு. யோசிக்காமல், சட்டென்று சொன்னார்:

"இனி நீங்க சொன்னா யாருங்க நம்புவாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்தச் சுவரை முதலில் பார்த்தது மேடம்தான் என்று சொல்லக்கூடிய ஒரே பெரிய மனிதரின் பேச்சை மேடமே செல்லாமல் ஆக்கிவிட்டிருந்தார். சுவரும் போய்விட்டது. சர்வேக்காரன் சொன்னால் எந்த அதிகாரி கேட்பார்?

மேடம் எழுந்தார். காபி ஆறிடுச்சுங்க, வேற போட்டுட்டு வர்றேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, நிற்கவே இல்லை. கடைசியில் கணவர்தான் எழுந்து உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்தார். டைரக்டர் அதை முழுவதும் குடித்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்து, போய்ட்டு வரேன் மேடம் என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.